அண்ணனின் மூன்று குரல்கள்

1

எங்கள் ஊர் நர்ஸ்களுக்கு ஒரு வகுப்பு எடுக்கும் யோசனை எனக்கு முதலில் வந்தது பிராட்ஃபோர்டு நகரில், ஆஸ்பத்திரி கேன்டீனை ஒட்டிய சின்ன அறையில், வேகவைத்த முட்டைக்கோஸ் வாசத்துக்கு நடுவே.

நான் அந்த ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறேன். பழவேற்காட்டு மீன்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி சென்னையில் எக்ஸ்ரே படிப்பு படித்து, கல்யாணம் கட்டி, புருஷனோடு இங்கிலாந்து வந்து, நாள் முழுக்க வெள்ளைக்காரர்களைப் பார்த்து "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்றால் அது நான்தான், ஸ்டெல்லா.

அன்று நெஞ்சு நோய் பார்க்கும் பெரிய டாக்டர் எங்களுக்கு ஒரு வகுப்பு வைத்திருந்தார். வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ்கள், கிளினிக் நர்ஸ்கள், எக்ஸ்ரே அறையிலிருந்து நான். நுரையீரல் புற்றுநோயை முற்றுவதற்கு முன்னால் பிடிக்க வேண்டுமானால், டாக்டருக்கு முன்னால் யார் காதில் இருமல் விழுகிறதோ அவர்களுக்குத்தான் முதலில் பாடம் நடத்த வேண்டும் என்பது அவருடைய கட்சி.

விளக்குப் பெட்டியில் இரண்டு படங்களை மாட்டினார். இரண்டிலும் நுரையீரலின் மேல் பக்கத்தில் வெள்ளையாக ஒரு நிழல். "என்ன இது?" என்றார். அங்கிருந்த நர்ஸ்கள் இரண்டையும் "கட்டி" என்றார்கள். நான் வழக்கம்போல முந்திரிக்கொட்டையாக, இரண்டும் "டி.பி." என்றேன்.

ஒன்று கட்டி. மற்றது டி.பி. அந்த டி.பி. படம் நம் பக்கத்திலிருந்து வந்து ஆலையில் வேலை பார்க்கும் ஒருவருடையது. சிகரெட் பிடிக்கிறவர் என்பதால் கட்டி என்றே நினைத்து அவரை ரொம்ப நாள் அலைய விட்டிருந்தார்கள்.

"நீங்கள் எல்லோரும் பாதி சரி," என்றார் டாக்டர். "அவரவர் ஊரில் அதிகம் கண்டதைத்தான் அவரவர் கண் காண்கிறது. மீதிப் பாதியில் நோயாளி செத்துப்போவார்."

பிறகு படங்களை அணைத்துவிட்டுச் சொன்னார்: "படத்துக்கு முன்னால் காது. வழக்கமான இருமல் மாறியிருக்கிறதா, சளியில் ரத்தம் வருகிறதா, உடம்பு இளைக்கிறதா என்று கேளுங்கள். குரல் கம்மிப்போய் வாரக்கணக்கில் திரும்பவில்லை என்றால் யோசிக்கவே வேண்டாம், எக்ஸ்ரேவுக்கு அனுப்புங்கள்."

குரல் என்றதும் முந்தின ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கேட்ட கேசட் ஞாபகம் வந்துவிட்டது.

2

எங்கள் வீட்டில் கடிதம் எழுதுகிறவர்கள் குறைவு. அண்ணன் அந்தோணிக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத வராது. அதனால் யாராவது இந்தப் பக்கம் வந்தால் பேசிப் பதிந்த கேசட்டைக் கொடுத்து அனுப்புவார்கள். அதில் பேச்சோடு காக்கா கத்தும், கோயில் மணி அடிக்கும், அண்ணி லூர்து யாரையாவது திட்டுவாள்.

அந்த ஞாயிறு கேசட்டில் அண்ணிதான் முக்கால்வாசி. "ஸ்டெல்லா, நல்லா கீறியாம்மா? புள்ள சாப்டுதா? இங்க ஒரு கூத்து கேளு. ஒங்கண்ணன் போட்ல அஞ்சு பேருக்கும் டி.பி.யாம். அஞ்சு பேரும் ஒண்ணா போயி ஊசி போட்டுக்கினு வரானுங்க, என்னமோ கல்யாணத்துக்குப் போறாப்ல. ஊர்ல டி.பி. போட்டுன்னே பேரு வச்சிட்டானுங்க. எல்லாம் நல்லாதான் கீறானுங்க, ஒங்கண்ணனுக்குதான் இன்னும் இருமல் உடல."

பிறகு அண்ணன் இரண்டு வார்த்தை பேசினார். "நிம்மி! வாம்மா, எறா வறுத்து வச்சிருக்கேன்." ஒவ்வொரு கேசட்டிலும் என் மகளுக்கு அவர் சொல்லும் வாக்கியம் இது.

நிம்மிக்கு இப்போதுதான் பள்ளிக்கூடம் ஆரம்பித்திருக்கிறது. தமிழ் அவளிடமிருந்து நாளுக்கு நாள் கழன்றுகொண்டிருக்கிறது. நான் "சாப்டியா" என்றால் "யெஸ்" என்கிறாள். இறாலைப் பார்த்தால் மூக்கைப் பொத்திக்கொள்கிறாள். ஆனால் மாமாவின் அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கும். முந்தின கிறிஸ்துமஸ் கேசட்டை அடிக்கடி போட்டுக் கேட்பாள். அன்று புதியதைக் கேட்டுவிட்டு, பழையதைப் போட்டுக் கேட்டாள். மறுபடி புதியதைப் போட்டாள். என்னிடம் வந்து இங்கிலீஷில் கேட்டாள்: "இது வேற மாமாவா?"

"அதே மாமாதான். ஜலதோஷம்," என்று சொல்லி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

முட்டைக்கோஸ் வாசம் அடிக்கும் அறையில் அது திரும்பி வந்தது. தமிழ் தெரியாத குழந்தைக்கு அது வேறு ஆள் என்று கேட்டிருக்கிறது. மாதக்கணக்கில் அவருக்கு ஊசி போடுகிற ஒருவருக்கும் கேட்கவில்லையே!

வகுப்பு முடிந்ததும் டாக்டரின் பின்னாலேயே ஓடினேன். "எங்கள் ஊருக்கு இந்த வகுப்பு வேண்டும்," என்றேன். அவர் மாடிப்படியில் நின்று, நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்," என்றார். "எல்லோரையும் வரிசையில் நிறுத்தி எக்ஸ்ரே எடுத்தால் உயிர்கள் பிழைக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அதைப் பற்றி இங்கேயே இன்னும் சண்டை போடுகிறோம். ஆனால் இருமிக்கொண்டு எதிரே நிற்கிறவன் வேறு. அவனைத் தவறவிடக் கூடாது. அந்த அளவுக்குச் சொல்லுங்கள். அதற்கு மேல் வாக்குக் கொடுக்காதீர்கள்."

3

ஊருக்குப் போகிறேன் என்றால் உடனே போய்விட முடியாது. லீவுக்கு மேற்பார்வையாளர், அவருக்கு மேல் ஓர் அம்மாள், அந்த அம்மாளுக்கு மேல் ஒரு விண்ணப்பப் பாரம். "அண்ணனுக்கு உடம்பு சரியில்லை" என்று எழுதினால் "அண்ணன் நெருங்கிய உறவில் வரமாட்டார்" என்று பதில் வந்தது. நெருங்கிய உறவு என்றால் புருஷன், பிள்ளை, தாய், தகப்பன். என் நைனா இறந்த பிறகு என்னைப் படிக்க வைத்தது அந்தோணியண்ணன்தான் என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? கடைசியில் என் வருட விடுப்பு முழுவதையும் ஒரே மூச்சில் எடுத்தேன். புருஷன் ஜோசப் பஸ் ஓட்டுகிறவர். காலை ஷிப்டை மாற்றிக்கொண்டு பிள்ளையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். "போய் வாத்தியார் வேலை பாத்துட்டு வா," என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பெரிய டாக்டர் பெயர் வெட்டிய பழைய படங்களை ஒரு பழுப்பு உறையில் போட்டுக் கொடுத்தார்.

மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி அந்த உறையைத் திறந்து ஒரு படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். டேப் ரிக்கார்டர், சென்ட் பாட்டில் என்று தேடிப் பழகிய கண் கொஞ்சம் தடுமாறியது.

"இன்னாம்மா இது?"

"நெஞ்சு எக்ஸ்ரே சார். நர்ஸுங்களுக்குப் பாடம் எடுக்க."

"யாரோடது?"

"யாரோ. பேரு கிடையாது."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்த ஆளு இருக்காரா?"

"தெரியாது சார்."

உடனே படத்தை உறைக்குள் தள்ளிக் கொடுத்துவிட்டார். மற்ற பெட்டியைத் திறக்கச் சொல்லவே இல்லை.

4

பொன்னேரியிலிருந்து வரும் பஸ் பழவேற்காட்டில் நிற்கும்போது அண்ணன் நின்றிருந்தார். சட்டை தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. வாய் நிறையச் சிரிப்பு. பேசினார் பாருங்கள், காய்ந்த ஓலையைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு சத்தம்.

"இன்னாம்மா, வெளுத்துட்ட! அங்க வெயிலே கெடையாதா?"

"ஒன் கொரலு இன்னாண்ணா இப்படி?"

"காத்துக்கு எதிர்ல கத்திக் கத்தி போச்சு. நீ வேற! டி.பி.க்கு ஊசி போட்டுக்கினுதான் கீறேன்."

"இத்தன மாசம் ஊசி போட்டும் கொரலு திரும்பலயே. நாளைக்கே மெட்ராஸ் போய் எக்ஸ்ரே எடுத்துறலாம்."

"நாளைக்கா? நல்லாக் கீதே! நாளைக்கி நம்ம பாடு."

இதை வெளியூர் ஆள்களுக்கு விளக்க வேண்டும். ஏரியில் வலை நடும் இடங்களுக்குச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிடிப்பார்கள். அதுதான் பாடு. உங்கள் முறை வரும் நாளில் படகில் உங்கள் ஆள் இல்லை என்றால் பங்கு கிடையாது. மறுபடி முறை சுற்றி வரும்வரை கரையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இறால் ஏறும் பருவத்தில் ஒரு பாட்டை விடுகிறவனை ஊர் பைத்தியம் என்று சொல்லும்.

"பாடு முடிஞ்சாப்புறம்?"

"அப்பால ராக்கெட் உடறாங்களாம். ஸ்ரீஹரிகோட்டா பக்கம் ஏரில போவக்கூடாதுன்னு தண்டோரா போட்டுக்கினு போனான். அதுக்குள்ள ரெண்டு பாடு சேத்துப் புடிச்சாவணும்." இருமினார். வெறும் இருமல், சளி இல்லாதது, இரும்புத் தகட்டைத் தட்டிய மாதிரி. இருமி முடித்து, கண்ணில் தண்ணீரோடு சொன்னார்: "ஆகாசத்துல ராக்கெட் உடறான். பொன்னேரிக்கு எக்ஸ்ரே எடுக்கப் போனா கரண்டு இல்லன்றான். நீ இன்னாமோ படம் எடுத்தா எல்லாம் தெரிஞ்சிடும்ன்ற."

அண்ணி அவருக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். பல மாதமாக இதே பேச்சு என்று அதற்கு அர்த்தம்.

5

சரி, அண்ணன் பாட்டை முடித்து வருவதற்குள் வகுப்பையாவது நடத்துவோம் என்று சுகாதார நிலையத்துக்குப் போனேன்.

அங்கே இருந்த டாக்டர் என் வயதுக்காரர். தூக்கமில்லாத கண், நல்ல பேச்சு. பழுப்பு உறையைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மேடம், மேலேருந்து உத்தரவு இல்லாம நான் வகுப்பு வைக்க முடியாது. அதோட, கேன்சர்னு ஒரு வார்த்தை இங்க காதுல விழுந்தா நாளைக்கு இருமறவன் ஒருத்தனும் இந்தப் பக்கம் வரமாட்டான். டி.பி. பாக்கறதே பெரும்பாடா இருக்கு."

"டி.பி. வகுப்புன்னே வச்சுக்கோங்க டாக்டர். டி.பி. இல்லாதவங்களை எப்படித் தெரிஞ்சுக்கறதுன்னு சொல்றேன்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "தடுப்பூசி அறையில வைங்க. டீ நேரத்துல. நான் அன்னிக்கு வெளில போயிருப்பேன்," என்றார். அது அனுமதி என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. இங்கிலாந்தில் 'இல்லை' என்பதை மரியாதையாகச் சொல்வார்கள். நம் ஊரில் 'சரி' என்பதை இப்படிச் சொல்வார்கள்.

விளக்குப் பெட்டி இல்லை. படங்களை ஜன்னல் கம்பியில் துணிக் கிளிப் போட்டு மாட்டினேன். பின்னால் ஏரியின் வெளிச்சம் படத்துக்குள் நன்றாகவே வந்தது. கிராம நர்ஸ்கள் நாலைந்து பேர், சுகாதாரப் பணியாளர் கண்ணையன், கம்பவுண்டர். கண்ணையன் சைக்கிளில் ஊர் ஊராகப் போய் இருமுகிறவர்களின் சளியைச் சோதனைக்கு வாங்கி வருகிறவர். தலைக்கு எண்ணெய் போட்டுப் படிய வாரி, பேனாவைச் சட்டைப் பையில் குத்தி, முன்வரிசையில் உட்கார்ந்தார்.

பிராட்ஃபோர்டில் டாக்டர் செய்ததை நான் அப்படியே செய்தேன். இரண்டு படம், ஒரு கேள்வி. எல்லோரும் ஒரே குரலில் "டி.பி." என்றார்கள். "நானும் அப்படித்தான் சொன்னேன்," என்றதும் சிரித்தார்கள். பிறகு பேச்சு ஓடியது. பீடி குடிக்கிறவரா என்று கேளுங்கள், எத்தனை வருஷமாக என்று கேளுங்கள், டி.பி. மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டும் இளைக்கிறவரை மறுபடி அதே மருந்துக்கு அனுப்பாதீர்கள், குரலைக் கவனியுங்கள். நான் வேகமாகப் பேசினேன். எனக்கே என் பேச்சு பிடித்திருந்தது.

அப்போது பிரேமா என்ற நர்ஸ் கையைத் தூக்கினாள்.

"சரி மேடம், கண்டுபுடிச்சிட்டோம். அப்பால?"

"மெட்ராஸுக்கு அனுப்பணும்."

"அனுப்பறோம். அங்க இன்னா பண்ணுவாங்க? பொழைப்பாங்களா?"

"சீக்கிரமா வந்தா சில பேர் பொழைப்பாங்க."

"சில பேர்னா?"

"சில பேர்."

"மீதிப் பேர் ஊட்டுக்கு நான்தான் போவணும் மேடம்," என்றாள் பிரேமா. குற்றம் சொல்கிற மாதிரி இல்லை. நாளைக்கு எந்தத் தெரு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். நான் அடுத்த படத்தைக் கிளிப்பில் மாட்டினேன்.

முடிந்த பிறகு கண்ணையன் என்னிடம் வந்தார். கொஞ்சம் கோபம். "மேடம், நீங்க பேசறதெல்லாம் கரெக்டு. ஆனா ஒங்கண்ணன் கேஸ்ல சந்தேகமே வேணாம். அது நான் புடிச்ச கேசு. ஒரே போட்ல அஞ்சு பேரும் பாசிட்டிவ். மீட்டிங்ல எனக்குக் கை தட்டினாங்க."

"எங்கண்ணன் இருமினா சளியே வரலயே சார். எப்படிக் கொடுத்தாரு?"

"டப்பால குடுத்தாரு."

"ஒங்க முன்னாலயா?"

கண்ணையன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் நின்றுபோயிருந்தது. "சாயங்காலம் அஞ்சு டப்பாவும் போட்ல குடுத்தேன். காலைல வந்து வாங்கிக்கினேன். எல்லாத்துலயும் பேர் ஒட்டிதான் இருந்திச்சு."

6

கரைக்கு நாங்கள் இருவரும் சேர்ந்தே போனோம். அண்ணன் ஊசி போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருந்தார். படகுக்காரர்கள் மற்ற நாலு பேரும் வலையில் சிக்கிய நண்டைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சூசை என்பவர் அண்ணனுடைய பள்ளித்தோழர். பெரிய மீசை, இப்போது நல்ல சதை போட்டிருந்தார்.

"இன்னா கண்ணையா, ஊசி போட இங்கியே ஆளக் கூட்டியாந்துட்டியா?"

நான் நேராகக் கேட்டேன். "சூசைண்ணா, டி.பி. டெஸ்டுக்கு டப்பால யாரு துப்பினது?"

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்கள். சூசை மார்பில் கை வைத்தார், பரிசு வாங்குகிறவர் மாதிரி.

"நான்தாம்மா! அஞ்சு டப்பாலயும் நான்தான். எனக்குதான் குடம் குடமா வந்திச்சி. ஒங்கண்ணனுக்கு ஒரு பொட்டு வரல. இவனுங்களுக்கு இருமலே இல்ல."

"ஏண்ணா அப்படி?"

"அட, இந்த மனுசன் சைக்கிள்ல டப்பாவ கட்டிக்கினு வெயில்ல வந்து நிக்கறான். காலி டப்பா குடுத்தா ஆபீஸ்ல திட்டுவாங்கன்னான். பாவமா இருந்திச்சி." சூசைக்கு நிஜமாகவே ஆச்சரியம். "மீனு பங்கு, தண்ணி பங்கு, பீடி ஒண்ணு கொளுத்தினா அஞ்சு வாய். எச்சி மட்டும் தனியா இன்னா கணக்கு?"

"அவனோட எச்சிக்கு நாங்க ஊசி போட்டுக்கறோம் தங்கச்சி," என்றார் இன்னொருவர், காதைக் குடைந்தபடி. "எனக்குக் காதுல வண்டு கத்திக்கினே கீது. ஊசி நிறுத்தினா போவுமா?"

மறுபடி சிரிப்பு. கண்ணையன் மட்டும் சிரிக்கவில்லை. படகின் விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தார். படிய வாரிய தலை கலைந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

ஐந்து பெயர். ஒரே ஆளின் சளி. அந்த ஒருவர் மருந்து சாப்பிட்டுக் குணமாகிவிட்டார். மூன்று பேர் இல்லாத நோய்க்கு ஊசி வாங்கிக் காது கூவ அலைகிறார்கள். ஐந்தாமவருக்கு இருப்பது வேறொன்று. அதை யாரும் தேடவில்லை. பதில்தான் கையில் இருக்கிறதே!

"டப்பாவ குடுத்துட்டு அங்கியே நின்னு வாங்கணும்னு எனக்கு யாரும் சொல்லல மேடம்," என்றார் கண்ணையன். "டிரைனிங்ல டப்பாவுக்கு எப்டி மூடி போடணும், எப்டிப் பேர் எழுதணும்னுதான் சொன்னாங்க." பிறகு: "டாக்டருக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்."

"டாக்டருக்குச் சொல்லியாகணும் சார். இந்த மூணு பேருக்கும் ஊசி நிக்கணும்."

அவர் தலையை ஆட்டினார். எழுந்து வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார். "நானே சொல்றேன். ஆனா மொதல்ல அந்தோணியக் கூட்டிக்கினு மெட்ராஸ் போறேன். நாளைக்கே."

"நாளைக்கி அடுத்த பாடாச்சே," என்றார் சூசை.

அப்போது நண்டு ஒன்று வலையிலிருந்து நழுவி மணலில் ஓடியது. சூசை அதைப் பிடித்துக் கூடையில் போட்டுவிட்டு மற்ற மூவரையும் பார்த்தார். பாட்டில் ஆள் இல்லாதவனுக்குப் பங்கு கிடையாது என்பது ஊர்க்கட்டு. அதை மாற்ற நாலு பேருக்கு அதிகாரம் இல்லை.

"ஊருக்கு நான் பேசிக்கறேன்," என்றார். "அந்தோணி பங்கு ஊட்டுக்கு வந்துரும். எச்சிக்குப் பங்கு போட்ட பசங்க, பாட்டுக்குப் போடமாட்டமா? ஆளக் கூட்டிக்கினு போங்க."

7

மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வரிசையில் நின்றோம். கண்ணையன் தன் அடையாள அட்டையைக் காட்டிக் காட்டி எங்களை உள்ளே நகர்த்தினார். எக்ஸ்ரே அறையில் இருந்தவர் நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டுவிட்டு இருட்டறைக்குள் வரவிட்டார். படம் தொட்டியிலிருந்து ஈரம் சொட்டச் சொட்ட வெளியே வந்தது. நான் கையில் வாங்கவில்லை. வாங்காமலே தெரிந்தது. இடது பக்கம், இதயத்துக்கு மேலே, குரலுக்குப் போகும் நரம்பு வளைந்து திரும்பும் இடத்தில், ஓரம் கிழிந்த ஒரு வெள்ளை.

வெளியே பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"நீ பாத்துட்ட, இல்ல?"

"டாக்டர் சொல்வாருண்ணா."

"வெள்ளக்காரனுக்கே மூச்ச புடி, உடுன்னு சொல்றவ நீ. எனக்கு சொல்லமாட்டியா?"

"டி.பி. இல்லண்ணா."

அவர் முகம் மலர்ந்தது. நிஜமாகவே மலர்ந்தது. "அப்ப ஊசி வாணாமா? சூசை கிட்ட சொல்லணும், அவன் எச்சிக்கு நான் வாங்கின ஊசி எல்லாம் அவன்தான் திருப்பித் தரணும்னு." சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கவே நேரமானது. கண்ணையன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் வாயருகே பிடித்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் சொன்னார். மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள், துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். கத்தி வைக்கும் இடம் தாண்டிவிட்டது, கரண்டு வைக்கலாம் என்றார்கள். கதிர் சிகிச்சையைத்தான் நம் ஊரில் கரண்டு என்கிறோம். ஆறு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் என்று கேட்க வாயெடுத்தேன். டாக்டரே சொன்னார்: "அதை யாராலயும் சொல்ல முடியாதும்மா." எனக்கு அது ஆறுதலாக இல்லை. கண்ணையனுக்கும் இல்லை என்று அவர் பேனாவை மூடி மூடித் திறந்ததில் தெரிந்தது.

அண்ணி ஒன்றே ஒன்று கேட்டாள். "டி.பி. போட்டுன்னு நானும் சேர்ந்து சிரிச்சனே, ஸ்டெல்லா?" பதில் வேண்டிக் கேட்கவில்லை.

என் விடுப்பு முடிந்துவிட்டது. கரண்டு வைத்துக்கொண்டிருக்கும் அண்ணனை விட்டுவிட்டு விமானம் ஏறினேன். நெருங்கிய உறவில் வரமாட்டார் என்பதால்.

8

இங்கே திரும்பி மறுபடி மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க. மழை, பஸ், நிம்மியின் பள்ளிக்கூடம். அவள் இப்போது மாமாவைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று நானும் பேச்செடுப்பதில்லை.

போன வாரம் கேசட் வந்தது. இந்த முறை கண்ணையன் பேசினார். வேலை போகவில்லை, டாக்டர் திட்டிவிட்டு, மூன்று பேருக்கும் ஊசியை நிறுத்திவிட்டு, இப்போது டப்பாவை அங்கேயே நின்று வாங்க வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். மேலேயிருந்து உத்தரவும் ஒருவழியாக வந்திருக்கிறது. சுற்று வட்டாரப் பணியாளர்களுக்கெல்லாம் வகுப்பு வைக்கலாமாம். "ஆனா மேடம், சுண்ணாம்புக்குளம் பக்கம் கரண்டு எப்ப வரும்னு தெரியாது. படத்த எங்க மாட்றது? நீங்க அடிக்கடி வரவும் முடியாது. பாடத்த கேசட்ல பேசி அனுப்புங்க, பேட்டரி டேப்ப சைக்கிள்ல கட்டிக்கினு போயி போட்டுக் காட்டிடுவேன்."

அதற்குப் பிறகு அண்ணன். குரல் இன்னும் மெலிந்திருந்தது, காதை ஒட்டி வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. "ஸ்டெல்லாம்மா, கண்ணையன் சொன்னான். என் கொரலயே வச்சிப் பாடம் எடு. பழைய கேசட்டு ஒங்கிட்ட கீதில்ல? அதுல நல்லா கத்தியிருப்பேன்." மூச்சு வாங்கினார். "இப்ப அதையே சொல்றேன், கேட்டுக்கோ. நிம்மி... வாம்மா... எறா வறுத்து வச்சிருக்கேன்."

ஜோசப் பக்கத்து வீட்டிலிருந்து இன்னொரு டேப் ரிக்கார்டர் இரவல் வாங்கி வந்திருக்கிறார். சனிக்கிழமை பதிகிறோம். முதலில் கிறிஸ்துமஸ் குரல். அடுத்து டி.பி. போட் காலத்துக் குரல். அதற்கடுத்து இப்போதைய குரல். அதே வாக்கியம். பிறகு நான் கேட்பேன்: "இந்த மனுஷன் ஒவ்வொரு மாதமும் உங்கள் எதிரில் வந்து உட்கார்ந்திருந்தால் எந்த மாதம் எக்ஸ்ரேவுக்கு அனுப்பியிருப்பீர்கள்?" டப்பாவை எப்படி வாங்குவது, பீடியைப் பற்றி யாரிடம் எப்படிக் கேட்பது, மருந்துக்கு மசியாத இருமலை என்ன செய்வது, எல்லாவற்றையும் பேச்சுத் தமிழில் பதிவேன். தெலுங்கு பேசுகிறவர்களுக்குக் கண்ணையன் நிறுத்தி நிறுத்திச் சொல்வார். முதல் வகுப்பு சுண்ணாம்புக்குளத்தில். அது நன்றாகப் போனால் அடுத்த விடுப்பில் நானே போய் மற்ற ஊர்களுக்கும் அவரோடு சுற்றுவேன்.

பிரேமா கேட்ட கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் எழுதவில்லை. கண்டுபிடித்தாகிவிட்டது, அப்பால? நாலு தடவை எழுதி நாலு தடவையும் கிழித்துவிட்டேன். இங்கே பெரிய டாக்டரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அந்தக் கேள்வியை விடாமல் கேட்கிற நர்ஸை விட்டுவிடாதீர்கள்," என்றார். அதனால் டேப்பில் மூன்றாவது குரல் முடிந்த இடத்தில் கொஞ்ச தூரம் வெறுமையாக ஓட விடப்போகிறேன். டேப் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கும். அந்த இடத்தில் கண்ணையன் நிறுத்த வேண்டியதில்லை, யாராவது "அப்பால?" என்று கேட்பார்கள்.

நிம்மி நேற்று மூன்றையும் கேட்டாள். "மூணும் ஒரே மாமாதான்," என்றேன், இந்த முறை ஜலதோஷம் என்று சொல்லாமல். அவள் யோசித்துவிட்டு, நாலாவதாகத் தானும் ஏதாவது சொல்லலாமா என்று கேட்டாள். மாமாவுக்கு அனுப்பும் கேசட்டில் சொல்லச் சொல்லியிருக்கிறேன். தமிழில். "வர்றேன் மாமா" என்ற இரண்டு வார்த்தைதான். காலையிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.